மேடையில் பாடிய மீனாட்சியம்மாள்

இலங்கை மலையகத்தின் முதல் பெண் கவிஞர் என்று சொல்லப்படும் மீனாட்சியம்மாள், தொழிலாளர் கூட்டங்களில் தம் பாட்டைத் தாமே பாடியவர். கணவர் கோ. நடேசய்யர் தஞ்சாவூரிலிருந்து வந்து, 1920களில் கொழும்பில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' இதழ்களை நடத்தினார். 'தேசபக்தன்' ஆசிரியப் பொறுப்பில் மீனாட்சியம்மாளும் இருந்தார்.

1931இல் நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபின் இருவரின் வேலையும் மலைநாட்டுக்கு மாறியது. அட்டன் பக்கமானாலும் ஊவாவின் கொஸ்லந்த, அப்புத்தளைப் பக்கமானாலும் அன்று தோட்டம் என்பது அதை நிர்வகித்த துரையின் எல்லை. சங்கத்துக்காரர் நினைத்தபோது தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் நுழைய முடியாது. உள்ளே போனாலும் பத்திரிகை படிக்கத் தெரிந்தவர் கொஞ்சம்பேர்தான். பாட்டுக்கு இந்தத் தடைகள் இல்லை. கும்மியும் ஒப்பாரியும் காமன் கூத்தும் லயத்து மக்களுக்குப் பழக்கமானவை. எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் சம்பளத்தையும் உரிமையையும் வைத்துப் பாடினால், கூட்டம் கலைந்த பிறகும் கொழுந்து மலைவரை அது போகும். பேச்சுக்கு முன் கூட்டம் சேர்க்கும் வேலையாக மட்டும் அவர் பாட்டைக் கருதுவது சரியல்ல. படிக்காதவருக்கு அதுவே பத்திரிகை.

நடேசய்யர் 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். ஆனால் காலம் இந்தியத் தமிழருக்கு எதிராகத் திரும்பிக்கொண்டிருந்தது. 1937இல் கிராமச் சபை வாக்குரிமை தோட்டத் தொழிலாளருக்கு மறுக்கப்பட்டது. 1939இல் அரசாங்க வேலையிலிருந்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கும் முடிவு வந்தது. நேரு இலங்கைக்கு வந்து பேசியும் பலனில்லை. இந்தச் சூழலில் மீனாட்சியம்மாள் 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டு நூலை வெளியிட்டார். தலைப்பு மனு எழுதும் தோரணையில் இருந்தாலும், உள்ளே இருப்பவை பாடுவதற்கான பாட்டுகள்.

அதே ஆண்டு பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தைச் சமசமாஜக் கட்சியினர் முன்னின்று நடத்தினர். 1939இல் உருவான இலங்கை இந்தியன் காங்கிரசும் தோட்டங்களில் வேர்விட்டது. நடேசய்யரின் சங்கம் பின்தங்கியது. 1947 தேர்தலில் பதுளை உட்பட ஏழு இடங்களைக் காங்கிரஸ் வென்றது. நடேசய்யர் தோற்றார், அந்த ஆண்டே நவம்பரில் காலமானார். பின்னாளில் சாரல்நாடன் எழுதிய நடேசய்யர் வரலாறு வழியாகவே மீனாட்சியம்மாளைப் பல வாசகர் அறிந்தனர்.