குழப்படியும் குறைபாடும்: கவனம் பற்றிய சமூக நோக்கின் வரலாறு

ஒரு சமுதாயம் எதனை நோயெனக் கொள்கின்றது, எதனைக் குணக்கேடெனக் கொள்கின்றது என்பது அச்சமுதாயம் அமைத்துக்கொண்ட நிறுவனங்களின் வரலாற்றோடு பிணைந்ததாகும். வைத்தியசாலையும் பாடசாலையும் தொழிற்களமும் வகுத்த எல்லைகளே காலப்போக்கில் வீட்டு வழக்கிலும் வந்து படிகின்றன. ஏ.டி.எச்.டி. என்னும் எழுத்துச் சுருக்கத்தால் இன்று அறியப்படும் கவனக்குறைவு மிகையியக்க நிலை இதற்குத் தக்க சான்றாகும். ஒன்றில் நிலைத்து நில்லாத கவனம், அடங்காத உடலசைவு, எண்ணிப்பாராது செயலில் இறங்குதல் என்பன இதன் இயல்புகள். நம் வீடுகளில் இதற்கு வழங்கிய பெயர் ‘குழப்படி’; வளர்ந்தோரிடத்து அதுவே ‘பொறுப்பின்மை’ எனப்பட்டது. இப்பெயர்கள் நிலைபெற்ற வரலாற்றைக் கொழும்பின் வடகோடியிலுள்ள முகத்துவாரத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களனி கங்கை கடலோடு கலக்கும் இடமாதலின் முகத்துவாரம் என்பது காரணப்பெயர். கங்கைக்கு அப்பால் வடகரையில் ஹெந்தளை அமைந்துள்ளது. அங்கு 1708இல் ஒல்லாந்தர் தொழுநோயாளருக்கென வைத்தியசாலையொன்றை நிறுவினர். பிரித்தானியராட்சியின் முற்பகுதியில் மனநோயாளரும் அங்கேயே வைக்கப்பட்டனர். மனநோயாளர் காப்பகங்களை அமைப்பதற்கான சட்டம் 1839இல் இயற்றப்பட்டது. 1847இல் பொரளையில் தனிக் காப்பகம் தோன்றியது. 1880களில் அது கறுவாத்தோட்டத்திற்கும், 1920களின் பிற்பகுதியில் அங்கொடைக்கும் பெயர்ந்தது. 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் திருத்தங்களுடன் 20ஆம் நூற்றாண்டு முழுவதும் நடைமுறையில் இருந்தது.

இவ்வொழுங்கு மக்களை இரு கூறாக்கியது. காப்பகத்துக்குரியோர் ஒரு கூறு. ஏனையோர் மறு கூறு. அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாக மாறியமை இப்பிரிவினையின் ஆழத்தைக் காட்டும். தெளிந்த அறிவுடையவராய், ஆயின் தொடங்கிய வேலையை முடிக்க இயலாதவராய் வாழ்ந்த ஒருவருக்கு இதில் தனியிடம் இருக்கவில்லை. அவர் ஏனையோருள் ஒருவராகவே எண்ணப்பட்டார். ஆதலின் அவருடைய இடர்ப்பாடு ஒழுக்கத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அதனைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் குடும்பத்தின் மேல் விழுந்தது.

காப்பகத்துக்கு அடுத்துக் கருதத்தக்கது பாடசாலை. 1851இல் பேராயர் சப்மன் முகத்துவாரத்திலேயே புனித தோமையார் கல்லூரியை நிறுவினார். துறைமுகத்து நிலக்கரித் தூசு முதலிய காரணங்களால் அக்கல்லூரி 1918இல் கல்கிசைக்குப் பெயர்ந்தது. சூழல் ஒவ்வாதவிடத்துச் சூழலை மாற்றலாம் என்பதை ஒரு கல்லூரி முழுவதன் பொருட்டு அன்றே உணர்ந்திருந்தனர். ஒரு தனி மாணவன் பொருட்டு உணர்வதற்கு நெடுங்காலம் சென்றது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தபின், பரீட்சைப் பெறுபேற்றுக்கு ஏற்ப நன்கொடை வழங்கும் முறை பாடசாலைகளிற் புகுந்தது. மாணவனின் புள்ளி பாடசாலையின் வருவாயாயிற்று. அசையாதிருந்து மனனஞ் செய்பவன் நல்ல மாணவன், மற்றவன் குழப்படிக்காரன். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி மீனவர், துறைமுகத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் கல்விக் கதவைத் திறந்தது. அது பெரும்பேறு. எனினும் உள்ளே நுழைந்த பிள்ளையை அளந்த அளவுகோல் பழையதாகவே இருந்தது.

மேனாட்டு மருத்துவமும் தொடக்கத்தில் இவ்வொழுக்க நோக்கினின்று விடுபட்டதன்று. ஸ்கொத்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிறைற்றன் 1798இலேயே கவனச் சிதறலை மருத்துவப் பொருளாக எழுதினார். ஆயின் 1902இல் இலண்டனில் உரையாற்றிய ஜோர்ஜ் ஸ்ரில், அறிவிற் குறையில்லாத சில பிள்ளைகளிடம் கண்ட இந்நிலையை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையெனவே விளக்கினார். 1937இல் அமெரிக்க மருத்துவர் சாள்ஸ் பிறட்லி 30 பிள்ளைகளுக்குப் பென்சிட்ரின் என்னும் ஊக்கமருந்தைக் கொடுத்தபோது, ஏறத்தாழ அரைப்பங்கினர் பாடத்தில் வியத்தகு முன்னேற்றங் காட்டினர். 1944இல் சுவிற்சர்லாந்தில் லியாண்ட்றோ பனிசோன் மெதைல்பெனிடேற்றை உருவாக்கினார். அவருடைய மனைவி றீற்றாவின் பெயரால் அது றிற்றலின் எனச் சந்தைக்கு வந்தது. கண்டிப்புக்கு இணங்காதது மருந்துக்கு இணங்கிற்று என்பது, குற்றம் பிள்ளையின் மனவிருப்பில் இல்லை என்பதற்கு முதற் சான்றாயிற்று.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் 1968இல் இதனைக் குழந்தைப்பருவத்து மிகையியக்கமெனக் குறித்தது. 1980இல் கவனக்குறைவே முதன்மை பெற்றது. மிகையியக்கமின்றியும் அது நிகழலாமென ஏற்கப்பட்டது. வகுப்பின் மூலையில் அமைதியாய்க் கனவுகண்டிருந்த பெண்பிள்ளை அப்பொழுதுதான் மருத்துவத்தின் கண்ணிற் பட்டாள் எனலாம். 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வளர்ந்தோருக்கான அளவைத் தனியே வகுத்து, 17 வயது முதல் ஐந்து அறிகுறிகள் போதுமென்றது. மேலும், இரட்டையர் ஆய்வுகள் இந்நிலையின் பரம்பரைக் கூற்றை ஏறத்தாழ 74 வீதமெனக் காட்டுகின்றன. எனவே பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் தாயோ தந்தையோ, அங்குக் கேட்கப்படும் வினாக்களில் தம் வாழ்க்கையையே காண்பது வியப்பன்று. நாற்பது ஆண்டுகள் சோம்பலெனத் தாம் சுமந்தது பிறிதொன்று என அறிதல் ஆறுதலும் துயரும் ஒருங்கே தருவதாகும்.

தொழிற்களத்தின் மாற்றமும் இங்குக் கருதற்பாலது. கடற்றொழிலும் துறைமுகச் சுமைவேலையும் ஓயாத அசைவையும் உடனடிச் செயலையும் வேண்டின. 1980களில் கொழும்புத் துறைமுகம் கொள்கலன் முறைக்கு மாறியது, கைவேலை சுருங்கியது, பதிவேடும் நேரக்கணக்கும் பெருகின. தந்தையின் தொழிலில் மறைந்திருந்த இயல்பு மகனின் அலுவலகத்தில் குறையாக வெளிப்பட இடமுண்டாயிற்று. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் யூடி சிங்கர் 1990களின் இறுதியில் எடுத்தாண்ட ‘நரம்பியற் பன்மை’ என்னும் கருத்து இவ்விடத்தே பொருள் பெறுகின்றது. மூளைகள் பலவகையின, இடர்ப்பாட்டின் ஒரு பங்கு சூழலின் அமைப்பிலும் உள்ளது என்பது அதன் சாரம். இதனால் மருத்துவம் வேண்டாமென்பது பெறப்படாது. மருந்தும், வேலையைச் சிறு கூறுகளாக்கலும், நாளேட்டுப் பழக்கமும், வீட்டாரின் விளக்கமும் ஒன்றுக்கொன்று துணையாவன.

நம் சட்டங்கள் இதற்கு வழிவிடுகின்றன. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க எழுந்தது. ஆயின் இந்நிலையை இரத்தப் பரிசோதனையாற் கண்டறிய இயலாது; நினைவும் சொல்லுமே இதற்குச் சான்று. முகத்துவாரத்துத் தாயொருத்தி தன் மகனின் சிறுபராயத்தைத் தன் மொழியிற் சொல்லுமிடத்து, அவளிடம் ‘குழப்படி’ என்ற சொல்லொன்றே இருக்குமாயின் மருத்துவர் கேட்பதும் அதுவாகவே இருக்கும். அங்கொடைக்கும் ஒழுக்கக் கணக்குக்கும் இடைப்பட்ட இடத்துக்குத் தமிழிற் சொற்களை ஆக்கி வீடுகள்வரை கொண்டுசெல்லல் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்வியின் கடனாகும்.