பிள்ளைக்காம்பரா முதல் பால்வாடி வரை: குடிபெயர்ந்தோர் குழந்தைகளின் கல்வியும் காப்பும்

1. தோற்றுவாய்

ஒரு நாட்டினின்றும் மற்றொரு நாட்டிற்குக் குடிபெயர்தல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் பன்மொழி பேசும் வேற்றுநாட்டவர் நகர மக்களோடு கலந்து இனிது உறைந்தமையைப் பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் கூறுகின்றன. ஆயின், அவ்வாறு வந்தவர்தம் குழந்தைகளை யார் காத்தனர், யார் எழுத்தறிவித்தனர் என்பது அந்நூல்களின் பொருளன்று. பிற்காலத்துக் குடிபெயர்வை ஆராய்ந்தோரும் கப்பலையும் கூலியையும் ஒப்பந்தத்தையும் விரிவாக எழுதிய அளவிற்குத் தொட்டிலையும் பள்ளிப் பதிவேட்டையும் எழுதினாரல்லர்.

இக்குறையை நிரப்புதற்கு மூன்று சொற்கள் நமக்குத் துணைசெய்கின்றன. இலங்கை மலையகத்துப் ‘பிள்ளைக்காம்பரா’, மலேயாத் தோட்டங்களின் ‘ஆயாக்கொட்டகை’, தமிழ்நாட்டுப் ‘பால்வாடி’ என்பன அவை. மூன்றும் தாய் வேலைக்குச் சென்ற பொழுதில் குழந்தை இருந்த இடத்தின் பெயர்கள். மூன்றும் பிறமொழிக் கலப்புடையன. மக்கள் நாவில் வழங்கித் தமிழானவை. இவற்றின் வழியே நாம் ஆராய விழைவது ஒரே வினாவாம். குடிபெயர்ந்த குடும்பத்துக் குழந்தையின் கல்வியுரிமை எதனைச் சார்ந்து நின்றது? தந்தை தாயர் உழைத்த தோட்டத்தையா, அவர் கையிலிருந்த தாளையா, அன்றிக் குழந்தையையேயா?

திருப்பத்தூர் மாவட்டம் இவ்வினாவிற்குத் தக்க நிலைக்களனாகும். 2019 நவம்பர் 28-ஆம் நாள் வேலூர் மாவட்டத்தினின்றும் பிரித்து அமைக்கப்பட்ட இம்மாவட்டத்தில், தோல் தொழிலாற் பெயர்பெற்ற ஆம்பூரும் வாணியம்பாடியும் உள்ளன. ஆம்பூரை அடுத்த மின்னூர், சின்னப்பள்ளிக்குப்பம் என்னும் இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. தமிழகத்து முகாம்களில் வாழ்வோருட் கணிசமானோர் மலையகத் தோட்டத் தொழிலாளர் வழியினர். ஆதலின் அவர்தம் வரலாற்றை மலையகத்திலிருந்தே தொடங்குதல் முறையாகும்.

2. பிள்ளைக்காம்பரா

‘காம்பரா’ என்பது அறையைக் குறிக்கும் போர்த்துகேயச் சொல்லின் வழிவந்தது. லயத்து வரிசையில் ஓர் அறையையோ தனிக் கட்டடம் ஒன்றையோ ஒதுக்கி, கொழுந்து கிள்ளச் செல்லும் பெண்களின் குழந்தைகளை அங்கே விடுவர். தோட்டத்து மூதாட்டி ஒருத்தி அவர்களைப் பார்த்துக்கொள்வாள். விடியற்காலைப் பெரட்டுக்கு முன் பிள்ளையை ஒப்படைத்த தாய், இடையில் வந்து பாலூட்டி மீண்டும் மலையேறுவாள். இவ்வேற்பாடு குழந்தையின் நலத்திற்கு உதவியது உண்மையே. எனினும், இதன் முதல் நோக்கம் தாயின் கைகளை வேலைக்கு விடுவித்தல் என்பதை மறத்தல் இயலாது.

பள்ளியின் வரலாறும் இத்தகையதே. 1907-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க நாட்டுப்புறப் பள்ளிச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் குழந்தைகட்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின் மேற் சுமத்தியது. 1920-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கக் கல்விச் சட்டமும் அப்பொறுப்பை நிலைநிறுத்தியது. சட்டம் ‘குழந்தை கற்றல் வேண்டும்’ என்று தொடங்காமல், ‘துரை பள்ளி வைத்தல் வேண்டும்’ என்று தொடங்கியமை ஈண்டு நோக்கத்தக்கது. எனவே, குடும்பம் தோட்டத்தை விட்டு நீங்கின் பள்ளியும் நீங்கியது. 1945-இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் பயனை முழுதும் பெறவில்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பள்ளிகள் அரசின் கைக்கு வந்தது 1970-களின் பிற்பகுதியிலேயே ஆகும்.

3. ஆயாக்கொட்டகை

மலேயாவின் நிலையை ஒப்புமைக்காகச் சிறிது காண்பாம். ‘ஆயா’ என்பதும் போர்த்துகேயமே. இரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குச் செல்வோர் விடியுமுன்னரே குழந்தைகளை இக்கொட்டகையில் விட்டுச் சென்றனர். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களிற் பள்ளி அமைக்க வழிசெய்தது.

இச்சட்டங்கள் இல்லையேல் தமிழ்க்கல்வி அங்கு வேரூன்றியிராது என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. இன்று மலேசியாவில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடைபெறுகின்றன. அவற்றுட் பல தோட்டத்திற் பிறந்தவை. ஆயினும், அப்பிறப்பே அவற்றின் இடர்ப்பாட்டிற்கும் காரணமாயிற்று. தோட்டங்கள் விற்கப்பட்டுக் குடும்பங்கள் நகரங்கட்குப் பெயர்ந்தபோது பள்ளி பழைய நிலத்திலேயே நின்றது. நிலம் தனியார்க்கு உரியதாதலின், பல பள்ளிகள் அரசின் முழு உதவி பெறாமற் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்தன. மண்ணோடு பிணைத்த உரிமை மனிதரோடு நடந்து செல்லவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

4. தாளோடு திரும்பியோர்

1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்திய, இலங்கை அரசுகள் செய்த உடன்படிக்கை, நாடற்றோராகக் கணக்கிடப்பட்ட ஏறத்தாழ 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் செம்பாதியாகப் பகிர்ந்தன. இவ்வாறு தாயகம் திரும்பியோர் ‘குடும்ப அட்டை’ என்னும் தாளோடு வந்தனர். மறுவாழ்வு உதவிகள் அத்தாளைக் கொண்டே வழங்கப்பட்டன.

அவர்களுள் ஒரு பகுதியினர்க்கென 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. அங்கே 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவர்களைக் காத்தது. ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலைசெய்யும் தோட்டத்திற் குழந்தைகள் காப்பகமும், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் இருபத்தைவருக்கு மேற்படின் கல்வி வசதியும் அச்சட்டத்திற் சொல்லப்பட்டன. மலையகத்தில் லயத்தை விட்டு வந்த குடும்பம் நீலகிரியில் மீண்டும் லயத்திற் புகுந்தது. குடியுரிமை கிட்டியது; காப்பகத்தின் இலக்கணம் மட்டும் மாறவில்லை.

5. தாளின்றி வந்தோர்

1983 சூலைக் கலவரத்திற்குப் பின் வந்தோர் நிலை இதனின் வேறு. உடன்படிக்கையும் அட்டையும் இன்றி, படகேறி உயிர்தப்பி வந்தவர் இவர். 1983 முதல் 2012 வரை பல கட்டங்களில் 3,04,269 பேர் தமிழகத்திற்கு வந்ததாக அரசுக் கணக்குக் கூறுகின்றது. மண்டபத்தில் இறங்கியோர் பின்னர்ப் பல மாவட்ட முகாம்கட்கு அனுப்பப்பெற்றனர்.

இவர்தம் குழந்தைகளின் கல்வி, காலத்தின் காற்றிற்கேற்பத் திறந்தும் மூடியும் வந்துள்ளது. எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராயிருந்த காலத்தில் அகதி மாணவர்க்குத் தொழிற்கல்லூரிகளில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1991 மே 21-ஆம் நாள் இராசீவ் காந்தி கொலையுண்ட பின்னர் அச்சலுகைகள் நிறுத்தப்பட்டன. 1996-க்குப் பின் படிப்படியாக மீண்டன. ஒரு கொடுஞ்செயலின் விளைவு, அதனோடு யாதொரு தொடர்பும் இல்லாத மாணவரின் மேற்படிப்பைத் தடுத்தது. சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று அரிது.

2021 ஆகஸ்டு 27-ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அப்போது 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் வாழ்வதாகக் கூறப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் வேலூரை அடுத்த மேல்மொணவூரில் புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இத்திட்டத்தில் நம் ஆராய்ச்சிக்குரிய செய்தி ஒன்று உண்டு. மாதந்தோறும் வழங்கும் பணக்கொடையில், குடும்பத் தலைவர்க்கு 1,000 ரூபாய் 1,500 ஆகவும், பிற பெரியோர்க்கு 750 ரூபாய் 1,000 ஆகவும், பன்னிரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு 400 ரூபாய் 500 ஆகவும் உயர்த்தப்பட்டன. தொகை சிறிதே. ஆயினும், தாயின் வேலையையோ முதலாளியின் கணக்கையோ சாராமல், குழந்தை தனக்கென ஒரு பங்கு பெறுவது முன் கூறிய தோட்டமுறையினின்றும் முற்றிலும் வேறானது.

6. பால்வாடி

‘பால்வாடி’ என்னும் சொல் மராத்தி, குசராத்தி மொழிகளில் வழங்கும் ‘பாலவாடி’யின் திரிபு. அங்கே அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்பது பொருள். தமிழ் மக்களோ முதற்சொல்லைத் தாம் பருகும் பாலாகவே கொண்டனர். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளையும் மக்கள் இப்பெயராலேயே அழைத்தனர். 1982 சூலை 1-ஆம் நாள் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய காலையுணவுத் திட்டமும் பள்ளிப் பதிவேட்டிற் பெயருள்ள குழந்தையையே நோக்கின. தந்தையின் நாட்டை நோக்கவில்லை.

இதனோடு தோல் தொழிற்பகுதியின் மற்றொரு காட்சியை ஒப்பிடுதல் வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலைசெய்த ஆலைகளிற் காப்பகம் அமைக்குமாறு விதித்தது. 1976-இல் அவ்வெண் முப்பதாகக் குறைந்தது. பின்னர் 2017-ஆம் ஆண்டு மகப்பேற்றுச் சட்டத் திருத்தம் ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி ஐம்பது தொழிலாளரை எல்லையாக வைத்தது. இச்சட்டங்கள் 2020-இல் இயற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள் அடக்கப்பட்டபோதும், எண்ணிக்கையை வாயிலாக வைக்கும் முறை நீங்கவில்லை. ஆம்பூர்ப் பகுதியிற் காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் பலர். அவர்கள் எந்த ஆலையின் எண்ணிலும் சேர்வதில்லை. ஆதலின் காப்பகத்தின் வாயில் அவர்க்குத் திறப்பதில்லை. அவர்தம் குழந்தைகட்குத் துணையாவது ஊர்ப் பால்வாடியே.

பள்ளிச் சேர்க்கையில் இம்மாற்றம் சட்டமாகவே வடிவெடுத்தது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் வந்த 21அ பிரிவு ஆறு முதல் பதினான்கு வயதுக் ‘குழந்தைகள்’ என்று சொல்லிற்று. ‘குடிமக்கள்’ என்று சொல்லவில்லை. 2010 ஏப்பிரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லாமை பற்றிச் சேர்க்கையை மறுத்தல் ஆகாதென்றும், மாற்றுச் சான்றிதழ் தாமதமாதல் தடையாகாதென்றும், குடிபெயர்ந்த குடும்பத்துக் குழந்தைகளைச் சேர்த்தல் உள்ளாட்சியின் கடமையென்றும் வகுத்தது. இலங்கையிலிருந்து வந்த குழந்தைக்கும், வடமாநிலத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவரின் குழந்தைக்கும் இவ்விதிகள் ஒன்றே.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், குடிபெயர்ந்தோர் குழந்தைகளின் கல்வியுரிமை தோட்டத்திலிருந்து தாளிற்கும், தாளிலிருந்து குழந்தைக்கும் நூறாண்டுகளில் நகர்ந்து வந்துள்ளமை விளங்கும். ஆயின், இந்நகர்வு முற்றுப்பெறவில்லை. 1987 சூலை 1-ஆம் நாளுக்குப் பின் இந்தியாவிற் பிறந்தோர்க்குப் பிறப்பு ஒன்றே குடியுரிமை தருவதில்லை. பெற்றோரின் நிலையும் நோக்கப்படுகின்றது. ஆதலின், மின்னூர் முகாமில் பிறந்து, ஊர்ப்பள்ளியிற் பயின்று, நம் குழந்தைகளோடு ஒரே பந்தியில் உண்டு வளர்ந்த மாணவன், பள்ளி வாழ்வு முடிந்தவுடன் அரசுப் பணியின் வாயிலில் மீண்டும் தந்தையின் தாளைத் தேட வேண்டியவனாகின்றான். பதினான்கு வயது வரை குழந்தையைக் குழந்தையாகவே கண்ட சட்டம், அதன்பின் அவனை வந்தவரின் மகனாகக் காண்கின்றது.

பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தோர் சிலர் முதியோராய் இன்றும் நம்மிடையே உள்ளனர். மலையகத்துச் சொற்களும் நினைவுகளும் அவரோடு மறையுமுன் அவற்றைத் தொகுத்தல் தமிழாராய்ச்சி மாணவர் கடன். அத்தொகுப்பு, மொழியின் வரலாற்றிற்கு மட்டுமன்றி, இன்னும் எழுதப்படாத ஓர் உரிமையின் வரலாற்றிற்கும் சான்றாகும்.