வண்ணக் களிமண் வனைதல்

வனைந்து முடித்த பாண்டத்தின் மேல் நிறம் பூசாமல், மண்ணிலேயே நிறத்தைக் கலந்து, அல்லது இயற்கையில் வெவ்வேறு நிறமாய்க் கிடைக்கும் மண்களை ஒன்றோடொன்று இணைத்துக் கலம் செய்யும் முறை வண்ணக் களிமண் வனைதல் எனப்படும். பூச்சினால் வந்த நிறம் சுரண்டினால் அகன்றுவிடும். இம்முறையில் பிறந்த கலமோ கீழே விழுந்து உடைந்தாலும், அதன் ஓட்டுத் துண்டின் விளிம்பைப் பார்த்தால், வெளியில் ஓடிய வரி உள்ளேயும் ஊடுருவி மறுபுறம் வரை சென்றிருப்பது தெரியும்.

இலங்கையில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் அமைந்த தர்மபுரத்தை அண்டிய வன்னி நிலப்பரப்பில், இக்கலைக்கு ஆதாரமான இரசாயனத்தை மண்ணே எடுத்துக்காட்டுகிறது. மேட்டுக் காணிகளில் நீர் வடிந்துபோவதால் மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு கலந்து செம்மை பெறுகிறது. அதே சரிவின் அடியில், மாரி முழுவதும் நீர் தேங்கும் வயல்களிலும் குளத்துப் படுகைகளிலும் காற்றுப் புகாமையால், அவ்விரும்பே சிவப்பை இழந்து மண்ணைச் சாம்பல் நிறமாக்கிவிடுகிறது. ஆயினும் குளத்தில் வெட்டிய அந்தச் சாம்பல் களியைப் பிசைந்து பானையாக்கிச் சூளையில் சுட்டால், அது செக்கச் சிவந்த பானையாக வெளிவருகிறது. ஈர மண்ணின் நிறத்தை நம்பலாகாது, நெருப்புக் கண்ட பின்னரே மண்ணின் நிறம் நிச்சயமாகும் என்பது குயவர்கள் அனைவரும் அறிந்த விஷயம்.

தமிழர் வாழ்ந்த நிலங்களில் இந்த அறிவு மிகப் புராதனமானது. உட்புறமும் வாய் விளிம்பும் கறுத்து, வெளிப்புறத்தின் கீழ்ப்பாகம் சிவந்து விளங்கும் கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் தமிழகத்தில் ஆதிச்சநல்லூர், கொடுமணல் முதலிய இடங்களிலும், இலங்கையில் பொம்பரிப்பு, கந்தரோடை, 1980ஆம் ஆண்டு அகழப்பட்ட ஆனைக்கோட்டை ஆகிய இடங்களிலும் கிடைத்துள்ளன. கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் நடத்திய மேலாய்விலும் இவ்வகை ஓடுகள் கண்டெடுக்கப்பட்டன. பாண்டத்தைச் சூளையில் கவிழ்த்து வைக்கும்போது, மூடுண்ட உட்புறத்தில் காற்று அற்றுப்போய்ப் புகைக்கரி மண்ணுக்குள் இறங்கிக் கறுப்பு உண்டாகிறது என்றும், காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கிறது என்றும் பொதுவாக விளக்குவர். ஒரே மண், ஒரே நெருப்பு, இரண்டு நிறங்கள்! கொங்கு நாட்டில், வெண்களியால் கோடுகள் வரைந்து அவற்றின் மேல் செங்காவிப் பூச்சிட்ட கலங்களும் வழங்கின. இலக்கணப்படி நோக்கின் இவை வண்ணக் களி வேலையில் அடங்கா. எனினும் மண்ணின் உடம்புக்குள் நிறத்தை இறக்கும் வித்தையை அறிந்தவர்களை இவ்வரலாற்றின் முன்வாயிலில் நிறுத்தாமல் விடுவது நியாயமாகாது என்பது எம் அபிப்பிராயம்.

வெவ்வேறு நிற மண்களைக் கலந்து வனைதல் தனிக் கலையாக உருப்பெற்றது சீனத்தில், தாங் அரச வமிசத்தின் காலத்திலாகும் (618–907). வெளிர் மண்ணையும் கபில மண்ணையும் அடுக்கிப் பிசைந்து, பளிங்குக் கல்லின் ரேகைகளைப் போலும் மரத்தின் வைரம் போலும் வரியோடிய கிண்ணங்களையும், தலைக்கு வைக்கும் சிறு மண்ணணைகளையும் அக்காலத்தவர் செய்தனர். கொரியாவின் கொரியோ காலத்துக் குயவரும் இம்முறையைக் கையாண்டனர்.

ஐரோப்பாவில், அகேட் என்னும் வரிக்கல்லின் சாயலில் கலங்கள் செய்யும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ஸ்டாபோர்ட்ஷயரில் செழித்தது. தாமஸ் வீல்டனிடம் 1754 முதல் 1759 வரை பங்காளியாக இருந்த ஜோசையா வெட்ஜ்வுட், பின்னர் ஆயிரக்கணக்கான பரிசோதனைகளைச் செய்து, ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் பதிந்து, 1770களின் நடுவில் ஜாஸ்பர் என்னும் நுண்மண்ணை உருவாக்கினார். உலோக ஒட்சைட்டுகளால் உடம்பு முழுவதும் நிறமேற்றப்பட்ட அம்மண்ணில் வெண்ணிற உருவங்கள் புடைப்பாக ஒட்டப்பட்டன. ஆனால் நீலத்துக்கு வேண்டிய கோபால்ட்டின் விலை மிகுதியாக இருந்ததால், 1777இல் வெண் மண் கலத்தை நீலக் குழம்பில் தோய்த்தெடுக்கும் முறை புகுந்தது. வியாபார நோக்கில் அது தக்கதே. ஆயினும் முழு மண்ணும் நிறமேறிய பழைய ஜாஸ்பரின் கனிவு தோய்த்த கலத்துக்கு வருவதில்லை.

நம் காலத்தில் இக்கலையை அதன் உச்சிக்குக் கொண்டு சென்றவர்கள் ஜப்பானியர். நிற மண்களை இணைத்துச் சக்கரத்தில் வனைவதை நெரியாகே என்றும், தகடுகளாய் அடுக்கி அச்சில் அழுத்துவதை நெரிகோமி என்றும் பிரித்துச் சொல்வது வழக்கமாயினும், இரு பெயர்களும் ஒன்றற்கொன்று மாறி வழங்குவதும் உண்டு. கசாமா என்னும் ஊரில் பௌத்த ஆலயமொன்றின் பிரதான குருவாக இருந்துகொண்டே வனைந்த மட்சுயி கோசெய் (1927–2003), இக்கலைக்காக 1993இல் ஜப்பானின் வாழும் தேசியச் செல்வம் என்னும் விருதைப் பெற்றார். வனைந்த கலத்தின் வெளிப்புறத்தைக் கீறி, உள்ளிருந்து மெல்ல விரித்து, கீறல்களெல்லாம் பாறைப் பிளவுகளைப் போல் வாய்திறக்கச் செய்த அவரது சாடிகளில் வரிகள் உயிருள்ளவை போல் நெளிகின்றன.

தமிழ்நாட்டாருக்கு அண்மையில், புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் ஸ்தாபித்த கோல்டன் பிரிட்ஜ் மட்கலைக் கூடத்திலிருந்து தனிக் கலைஞர்களின் வனைதல் மரபு இந்தியாவில் பரவியது. இலங்கையிலோ, வெண்மைக்கு ஆதாரமான கேயோலின் என்னும் வெண்களி பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் கிடைக்கிறது; வன்னியில் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை அவ்வூர்க் களியின் தரத்துக்குச் சான்றாய் நின்றது.

செய்முறை பார்வைக்கு எளியது. ஒரு மண்ணோடு வேண்டிய நிறப்பொடியைக் கலந்து பிசைய வேண்டும்: நூற்றுக்கு ஒரு பங்கு கோபால்ட் ஒட்சைட்டே ஆழ்ந்த நீலத்தைத் தரும், இரும்பு ஒட்சைட்டு ஐந்து பங்கும் அதற்கு மேலும் வேண்டும், மங்கனீசு கபிலமும் கறுப்பும் தரும், ஆனால் சூளையில் அதன் ஆவி நச்சுத்தன்மையுடையது. நிறமேறிய மண்ணைத் தகடுகளாய்த் தட்டி, இடையிடையே சேறு தடவி அடுக்கி, கட்டியாக்கி, கம்பியால் குறுக்கே அறுத்ததும், அதுவரை மறைந்திருந்த கோலம் அறுத்த முகத்தில் திடீரெனத் தோன்றும். அறுத்த துண்டுகளை அச்சில் அழுத்தி, ஈரத் துணியால் போர்த்தி, பல நாள் மெதுவாக உலர்த்தி, மேற்பரப்பில் பரவிய சேற்றை உலோகத் தகட்டால் சுரண்டினாலன்றி வரிகள் தெளிவடையா.

இவ்வேலையின் பெரும் துன்பம் சுருக்கமே. ஒரு மண் நூற்றுக்கு எட்டுப் பங்கும் அதன் பக்கத்து மண் பன்னிரண்டு பங்கும் சுருங்குமானால், இணைந்த இடங்களெல்லாம் பிளந்துபோகும். ஆகவே மேட்டுச் செம்மண்ணையும் குளத்துக் களியையும் வெண்களியையும் ஒருங்கே ஆள விரும்புபவர், முதலில் ஒவ்வொன்றிலும் சிறு பட்டை செய்து, ஈரமாயிருக்கும்போதே அதில் 10 சென்டிமீற்றர் நீளக் கோடொன்று கீறி, சுட்ட பின் அந்தக் கோட்டை மறுபடி அளந்து பார்த்துக்கொள்வர். மூன்று கோடுகளும் ஏறத்தாழ ஒரே அளவாக வரும்வரை மணலும் பொடித்த ஓட்டுத்தூளும் சேர்த்து மண்ணைப் பதப்படுத்துவர்.