வால் பிடிப்பவர்

கலிபோர்னியாவில் காட்டுப் பாதைகளில் மலைச் சைக்கிளுக்குத் தடை வரத் தொடங்கியபோது, சைக்கிள் சங்கங்கள் 1988-இல் ஒன்றுகூடிச் சில ஒழுங்குகளை வகுத்தன. ஏறுபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும், திறந்திருக்கும் பாதையில் மட்டுமே போக வேண்டும் என்பவை அவற்றில் சில. நான் போகும் குழுவில் இன்னொன்றும் உண்டு. முன்னால் ஒருவர், வால் பிடிக்க ஒருவர். கடைசி ஆள் வராமல் முன்னவர் நகர மாட்டார்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரங்கணி ஞாபகம்தான். இடுக்கி எல்லையில், கொழுக்குமலையிலிருந்து போடிப் பக்கம் இறங்கும் சரிவு. 2018 மார்ச் 11, ஞாயிறு. மலையேறப் போன இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. காய்ந்த புல், காற்று, புகை. ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடினார்கள். 23 பேர் போய்விட்டார்கள். அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது.

லீவில் ஊருக்குப் போகும் பிள்ளைகள் மூணாறு, கொழுக்குமலை என்று கிளம்பத்தான் செய்வார்கள். போகட்டும். ஆனால் கூட்டிப் போகிறவர் "இன்னிக்கு வேண்டாம், திரும்பிடலாம்" என்று சொல்லக்கூடியவரா? அதை மட்டும் விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.