மிகை இரத்த அழுத்த அவசரநிலை
இரத்த அழுத்தம் 180/120 மி.மீ. பாதரச அளவைத் தாண்டி மூளை, இதயம், சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றில் ஒன்றையேனும் தாக்கும் நிலை. கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், குழப்பம் ஆகியவை அறிகுறிகள். இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, லாபெட்டலால் போன்ற மருந்தைச் சிரை வழியே செலுத்துவர். பொதுவாக முதல் மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. சட்டென இறக்கினால் மூளைக்கு இரத்த ஓட்டம் குன்றும். இரத்த அழுத்த மருந்துகள் வருமுன் இந்த அவசரநிலையின் கடும் வடிவம் கண்டவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தனர். இன்று பலர் பிழைத்தாலும் பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் தொடரலாம்.

தமிழ்நாட்டின் ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்பகுதியினருக்கு இத்தகைய சிகிச்சை தர வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் (சி.எம்.சி.) அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையும் உயர்சிகிச்சை மையங்கள். மாத்திரை இடையில் நிற்காதிருக்க உதவும் வகையில், தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே வழங்குகிறது.