ஊழ்வினையும் ஊர்ச் சாக்கடையும்

யானைக்கால் கண்டவனைப் பார்த்து, "முற்பிறவியில் செய்த வினை" என்றது நம் சமுதாயம். வினை என்ற ஒரு சொல் போதும். அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை, ஆற்ற வேண்டியதும் இல்லை!

அந்த எண்ணம் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. கொசு கடிப்பது இன்று. கால் வீங்குவதோ பல ஆண்டுகட்குப் பின்னர். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே கிடந்த அந்த நீண்ட இருளிலேதான் ஊழ்வினை குடிபுகுந்தது. விளக்கேந்தி உள்ளே நுழையத் துணிந்தது அறிவியல்.

சீனத்துத் துறைமுகமாகிய அமாயில் மருத்துவராக இருந்த பாட்ரிக் மான்சன், 1877இல், இந்நோய்ப் புழுவின் குஞ்சுகள் கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். ஆனால், செத்த கொசு விழுந்த நீரைப் பருகுவதால் நோய் பற்றுகிறது என்று கருதினார். 1897 ஆகஸ்ட் 20இல் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1900இல் லோ என்பார், யானைக்கால் புழு கொசுவின் ஊசி வாயிலேயே இருப்பதைக் காட்டினார். மான்சன் கருத்தின் ஒரு பாதி நிலைத்தது, மறுபாதி வீழ்ந்தது. பெரியவர் சொன்னார் என்பதற்காக எவரும் அதை வேதமாக்கவில்லை. அறிவின் அறம் அதுவன்றோ!

1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்ட புதுவை, யானைக்கால் நோயினின்று விடுபடவில்லை. 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மையத்தைப் புதுவையில் நிறுவியது. பி. கே. இராசகோபாலன் தலைமையில், 1981 முதல் 1985 வரை, நகரமே ஆய்வுக்களம் ஆயிற்று. நஞ்சை மட்டுமே நம்பவில்லை அவர்கள். கொசு எங்கே பிறக்கிறது என்று தேடினர். கியூலெக்ஸ் கொசுவின் தொட்டில், தேங்கிய சாக்கடை! சாக்கடையைத் தூர் வாரினர், பள்ளத்தை மூடினர், புழுவைத் தின்னும் மீனை நீர்நிலைகளில் விட்டனர். பின்னாளில், கொசுப் புழுவைக் கொல்லும் நுண்ணுயிர் மருந்தையும் அம்மையம் ஆக்கித் தந்தது.

ஆக, வினை எங்கே இருந்தது? முற்பிறவியில் அல்ல, நம் தெருவில், நாம் தேக்கிய நீரில்!

போர் முடிந்ததா? இல்லை. சூழல் மாறினால் பூச்சியும் இடம் மாறும். பெயரிலேயே குளத்தைத் தாங்கிய மூலக்குளம் போன்ற ஊர்களை நகரம் தழுவிக்கொள்ளும்போது, வீடு முந்துகிறது, வடிகால் பிந்துகிறது. அழுக்கு நீரில் கியூலெக்ஸ். மாடித் தொட்டியின் தெளிந்த நீரிலோ ஏடிஸ். முன்னது இரவில் கடிக்கும், பின்னது பகலில் கடிக்கும். 2006இல் தென்னகத்தைச் சிக்குன்குனியா முடக்கியதும், டெங்கு ஆண்டுதோறும் தலைகாட்டுவதும் இந்தப் பகற்கொசுவால்தான். பழைய டயரும் தேங்காய்ச் சிரட்டையும் அதற்குப் போதும். ஏறக்குறைய பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். வாரம் ஒருநாள் தொட்டியைக் கவிழ்த்துத் துடைத்தால், அந்தச் சங்கிலி அறுந்துபோகும்.

தோழர்களே! வீட்டுத் தொட்டியைத் துடைப்பது நம் கடமை. ஊர் வடிகாலைக் கேட்பது நம் உரிமை. காய்ச்சல் வந்த வீட்டில் பரிகாரம் பேசுவோரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: "உங்கள் தெருவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது?"