எழுதத் தெரிந்த விரல்கள்

பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் 1819இல் லூயி பிரெய்ல் சேர்ந்தபோது அங்கிருந்தவை, வழக்கமான எழுத்துகளைப் புடைப்பாக அச்சிட்ட கனத்த புத்தகங்கள். பார்வையுள்ள ஆசிரியருக்கு அது வசதி. மாணவன் தடவித் தடவி வாசிக்கலாம், எழுத முடியாது. சார்ல் பார்பியேயின் பன்னிரண்டு புள்ளி முறையை, 15 வயதில், ஒரே விரல்நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார் பிரெய்ல். ஒரு சட்டமும் எழுத்தாணியும் போதும், மாணவனே எழுதிவிடலாம். பள்ளி அதை முறைப்படி ஏற்றது 1854இல். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தமிழ் பிரெய்லில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அச்சில் 'கொ' எழுத ககரத்தின் இரண்டு பக்கமும் குறி போடுகிறோம். பிரெய்லில் ககரம், அடுத்து ஒகரம், அவ்வளவுதான். காதில் விழும் வரிசையிலேயே விரலும் வாசிக்கிறது.

2006இல் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரனும் பார்வையற்றவர்தான். நம்ம பள்ளிகள் கருவி வாங்கும் முன் முதலில் யாரைக் கேட்கணும் என்பதற்கு எனக்கு இந்த இரண்டு பெயர்கள் போதும்.